முயலுக்கும் ஆடி உண்டு

முயல் தானாகப் பெருகும் என்று நினைக்கிறவர்கள் யாரும் முயல் வளர்த்ததில்லை. இதை நான் கல்யாணப் பந்தியில், டவுன் பஸ்ஸில், ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கிறேன். "முயல் பண்ணையா? உங்களுக்கென்னங்க, ரெண்டை விட்டா இருபதாயிடும்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உச்சி மண்டை சூடாகிவிடும். ரெண்டை விட்டால் ரெண்டுதான் இருக்கும். சில சமயம் ஒன்றேகால். (பெண் முயலின் கூண்டுக்குள் ஆணைக் கொண்டுபோய் விட்டால் அது 'என் வீட்டுக்குள் நீ யார்' என்று கடித்துக் குதறிவிடும். ஆணின் கூண்டுக்குத்தான் பெண்ணைக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு விஷயம்கூடத் தெரியாமல்தான் ஊரில் பாதிப் பேர் எனக்கு யோசனை சொல்ல வருகிறார்கள்.)

இவ்வளவு பேசுகிற நான் முழு ஊருக்கும் முன்னால் மூக்குடைந்து நின்ற கதை இது. இதை எழுதக் கூடாது என்று என் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். கெஞ்சட்டும்.

நான் பிறந்தது லால்குடியில். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்ததும் வேலைக்குப் போகச் சொன்னார் அப்பா. நான் ஒரு கூடை முயல்களோடு வந்து இறங்கினேன். "ஐயோ, அழகா இருக்கேடி, வளர்க்கவா?" என்றாள் அம்மா. "கறிக்கு" என்றேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எல்லோரும் ஒரு ஈற்றுக்கு ஐந்து குட்டி, ஆறு குட்டி என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திருப்தி என்பதே பிடிக்காது. அதே கூண்டு, அதே தீவனம், அதே புழுக்கை அள்ளுகிற வேலை; அதற்கு ஐந்து குட்டி எதற்கு, எட்டு வேண்டும், பத்து வேண்டும். அதற்கு வழியும் ஒன்றும் ரகசியம் இல்லை. அதிகம் போட்டு, போட்டதையெல்லாம் காப்பாற்றிய தாயின் பெண் குட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் கறிக்கு. அம்மா கொழுகொழுவென்று ஒன்றைத் தூக்கிவந்து, "இதை மட்டும் வெச்சுக்கடி, கண்ணைப் பாரேன்" என்பாள். "அதோட அம்மா நாலுதான் போட்டா. கண்ணை வெச்சு என்ன பண்றது?" என்பேன். நான் பார்ப்பது கண்ணை அல்ல. மல்லாக்கப் போட்டு மடிக்காம்பை எண்ணுவேன். எட்டுக்குக் குறைந்தால் அது எவ்வளவு பெரிய உலக அழகியாக இருந்தாலும் போய்வா என்று அனுப்பிவிடுவேன்.

இப்படிப் பல ஈற்றுகள் கழித்துக் கழித்து, கடைசியில் நாலு அக்கா தங்கைகள் தேறினார்கள். அவர்களுடைய தாய் பத்துப் போட்டுப் பத்தையும் வளர்த்தவள். அந்த நாலு பேரும் முதல் ஈற்றுக்குத் தயாராகிற சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை ஜீயபுரம். பெயர் பிரபு. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பெண் பார்க்க வந்தபோது, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார். "முயல் கூட வரும்" என்றேன். அவர் அதைச் செல்லமாக எடுத்துக்கொண்டு சிரித்தார். (பாவம். இன்றுவரை அவர் சரியான இடத்தில் சிரித்ததே இல்லை.) சீர் லாரியில் கட்டில், பீரோ, கிரைண்டர், அண்டா எல்லாவற்றுக்கும் மேலே நாலு முயலும் வந்து இறங்கியதைக் கல்யாண வீடியோவில் இப்போதும் பார்க்கலாம்.

மாமா, அதாவது என் மாமனார், வாழை விவசாயி. நாளுக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் மூன்று வாழையைப் பற்றியதாக இருக்கும். வீட்டுக்குப் பின்னால் அவருடைய ஷெட் இருந்தது. முகூர்த்தக் காலத்தில் வெட்டிய தார்களை அடுக்கி வைக்கிற இடம். முயல்களுக்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. நான் கேட்டேன். மாமா ரொம்ப நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான் தார் வெட்டணும்" என்றார் கடைசியில். "அதுக்குள்ள இது ஒவ்வொண்ணும் எட்டுக் குட்டி போட்டுச்சுன்னா ஷெட்டு உனக்கு. இல்லேன்னா எல்லாத்தையும் வித்துடு. குளித்தலையில ஒரு ஸ்கூல்ல சொல்லி வெச்சிருக்கேன். டீச்சர் வேலை."

"எட்டுத்தானே மாமா? சரிங்க" என்றேன்.

"எட்டுத்தானே"யில் நான் வைத்த அந்த இழுப்பு இருக்கிறதே, அதற்காகவே என்னைக் கூண்டில் போட்டிருக்கலாம்.

ஆண் முயலுக்குத் தொட்டியம் போனோம். தேனிலவுக்கு ஊட்டி போகலாம் என்று வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். தொட்டியத்தில் ஒரு பண்ணையில், ஒரே ஈற்றில் பதினொன்றாகப் பிறந்த ஆண் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊட்டி எங்கே போய்விடப் போகிறது? காவேரிக் கரை ரோட்டில், நான் நடுவில் கூடையை வைத்துக்கொண்டு பைக்கில் திரும்பி வந்தோம். வாசலில் அத்தை (என் மாமியார்) எங்களுக்குச் சுற்றிய ஆரத்தியில் கூடையும் அடக்கம். "மாப்பிள்ளை கம்பீரமா இருக்கானே!" என்று அத்தை முயலைத்தான் சொன்னார். அதுவே அவன் பெயராகிவிட்டது.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எந்தக் கிழமையில் எதைச் செய்யலாம், எந்த மாதத்தில் எதைத் தொடக்கூடாது என்பதில் அவரை அசைக்க முடியாது. மாமாவே ஏர் பூட்டுவதற்கு முன்னால் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் கல்யாணம் வைகாசியில். திருச்சி வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் ஆண் முயலுக்கு வீரியம் போய்விடும். ஆள் கம்பீரமாக இருப்பான், காரியம் ஆகாது. உடம்பு தேற ஆனி மாதம் முழுக்க வேண்டும். ஷெட்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டேன், மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு டேபிள் ஃபேன் வைத்தேன். (எங்கள் ரூமில் இருந்த ஃபேன்தான். வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் போனார்.) காற்று மாறி, ஆற்றில் தண்ணீர் வந்து, ஊர் குளிர்கிற ஆடி முதல் வாரத்தில் சேர்த்தால் கச்சிதம். முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம். ஆவணி பிறக்கும்போது குட்டி. மாமாவின் முகூர்த்தத்துக்கு முன்னால் எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

எல்லாம் சரியாகப் போட்ட கணக்கு. அதில் ஆடி என்றால் என்ன என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகி வருகிற முதல் ஆடியில் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கக் கூடாது. ஆடியில் தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். கத்திரி வெயிலில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். ஆடி பிறப்பதற்கு முதல் நாள் அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்து நின்றார்கள்.

"நான் வரலைம்மா" என்றேன். "எனக்கு ஷெட்ல வேலை இருக்கு."

"ஊர் சிரிக்கும்டி."

"நான் அவர் பக்கத்துல இருந்தாத்தானே தப்பு? முயல் பக்கத்துலதானே இருக்கப்போறேன். ஷெட்லயே படுத்துக்கறேன்."

அப்பா சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தைதான் வந்து என் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வாம்மா கலா. நான் இருக்கேன்ல? உன்னை விட நல்லாப் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குரலுக்கு எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்காரரை ஷெட்டுக்கு இழுத்துப் போய்ப் பாடம் நடத்தினேன்.

"என்னங்க, நல்லாக் கேட்டுக்குங்க. பொண்ணைத் தூக்கி மாப்பிள்ளை கூண்டுல விடணும். அவன் ஏறி, அப்படியே பக்கவாட்டுல தொப்புன்னு சாய்ஞ்சு விழுவான். விழுந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். உடனே பொண்ணை எடுத்து அதோட கூண்டுல விட்டுடணும். புரிஞ்சுதா?"

"தொப்புன்னு விழுவானா?"

"ஆமா."

"அடி கிடி படாதே?"

இவரை நம்பி என் எதிர்காலத்தை விட்டுவிட்டு லால்குடிக்குப் போனேன்.

போனேனே தவிர, மனசு முழுக்க ஷெட்டில்தான். முதல் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் லால்குடி வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க, ஆடியில வந்திருக்கீங்க! அத்தைக்குத் தெரியுமா?"

"ஸ்ரீரங்கம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். பொய் இல்லை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்லதான் ரயில் ஏறினேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மாப்பிள்ளை வந்துவிட்டாரே, திருப்பி அனுப்ப முடியுமா? அப்பா வராத தூக்கத்தை வரவழைத்துக்கொண்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தானா?" என்பதுதான்.

"யாரு?"

"மாப்பிள்ளைங்க!"

"ஆங்... எல்லாம் ஜோரா இருக்கு" என்றார் வீட்டுக்காரர், என் அப்பாவின் காலண்டரைப் பார்த்துக்கொண்டு. அவர் நேராகப் பார்த்துப் பேசாதபோது என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இரண்டு மாதம்தானே!

அதற்கடுத்த வெள்ளியும் அவர் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். திரும்பிப் போகும்போது ஸ்ரீரங்கம் போனதற்குச் சாட்சி வேண்டுமே என்று, அம்மா கிண்டிய புளியோதரையை வாழையிலையில் மடித்து எடுத்துப்போனார். நான் போனில் பேசினால் அத்தை, "எல்லாம் சௌக்கியமா இருக்கு. நாலும் கொழுகொழுன்னு ஆயிடுச்சு" என்பார். கொழுகொழு என்றதும் நான் சினை என்று எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் 'சேர்த்தாச்சா' என்று நேராகக் கேட்கப் புது மருமகளுக்கு வாய் வருமா? அதைத்தான் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேனே. போதாக்குறைக்கு அம்மா வீட்டில் சும்மா உட்காராமல், தச்சரிடம் பலகை அறுத்துக் குட்டி போடுவதற்கான நாலு பெட்டிகள் செய்து ஜீயபுரத்துக்கு அனுப்பினேன்.

ஆவணி பிறந்த அன்று காலையில் வந்து இறங்கினேன். விளக்கேற்றக்கூட நிற்காமல் ஷெட்டுக்கு ஓடினேன். ஓடிப்போய்ப் பெட்டிகளைப் பார்த்தால், ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! மூன்று பெட்டிகளில் வைக்கோல் மேல் வெள்ளை வெளேரென்று முடி. தாய் முயல் குட்டி போடுகிற நேரம் நெருங்கினால் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கிக் குட்டிகளுக்குப் படுக்கை போடும். நாலாவதும் வாயில் முடியோடு முழித்துக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "வந்து பாருங்க மாமா! நாளைக்குள்ள போட்டுடும்!"

மாமா வந்தார், பார்த்தார், "உம்" என்றார். அத்தை வந்தார். முடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் பேயறைந்த மாதிரி ஒரு பார்வை. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் நிற்கிற ஆளா? அன்றைக்கே ஊர் மகளிர் குழுவில் போய், "நாளைக்குக் காலையில எல்லாரும் எங்க ஷெட்டுக்கு வாங்க. ஒரு முயல் எத்தனை குட்டி போடும்னு கண்ணால பாருங்க. பாத்துட்டு நீங்களும் வளருங்க" என்று அழைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் என் பின்னாலேயே, "கலா, ஒரு விஷயம்..." என்று மூன்று முறை வந்தார். "அப்புறம் சொல்லுங்க, சேர் பத்தலை, பக்கத்து வீட்ல வாங்கிட்டு வாங்க" என்று மூன்று முறையும் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஷெட் நிறையப் பெண்கள். குழுத் தலைவி சரோஜா அக்கா முன் வரிசை சேரில். ஆளுக்கு ஒரு டீ. தார் வெட்டும் ஆளோடு மாமா கையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றார். நான் முழங்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். ஐந்துக்கும் ஆறுக்கும் ஆசைப்படுவது நம்முடைய பழைய புத்தி என்றேன். தாயைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள்தான் முயல் தொழில் நஷ்டம் என்று அலைகிறார்கள் என்றேன். மடிக்காம்பு எண்ணிக் காட்டினேன். (இரண்டு பேர் வெட்கப்பட்டு டீயைப் பார்த்தார்கள்.) பிறகு, "இப்பப் பாருங்க" என்று முதல் பெட்டிக்குள் கையை விட்டு முடியை விலக்கினேன்.

முடிக்குக் கீழே முடி இருந்தது. அதற்குக் கீழே வைக்கோல். அதற்குக் கீழே பலகை.

"இது கொஞ்சம் லேட்டா போடும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது பெட்டிக்குப் போனேன். முடி, வைக்கோல், பலகை. மூன்றாவதிலும் அதேதான். நாலாவதில் முயலே உள்ளே உட்கார்ந்து புழுக்கை போட்டுக்கொண்டிருந்தது.

"குட்டி சின்னதா இருக்குமோ?" என்றார் சரோஜா அக்கா, நல்ல மனசோடு எட்டிப் பார்த்து.

முதல் முயலைத் தூக்கி வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். காலையில் தின்ற புல்லைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. நாலையும் பார்த்தேன். நாலிலும் புல்.

"என்னங்க" என்றேன். "மாப்பிள்ளை எத்தனை தடவை விழுந்தான்?"

வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. விழுந்தானா இல்லையா?"

"விழலை" என்றார். "அம்மா விட வேணாம்னுட்டாங்க."

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. "பிரபு உன்கிட்ட சொன்னான்ல கலா? ஆடி மாசத்துல எப்படிம்மா சேர்த்து விடறது? அதுங்களும் புதுசா சேர்ற ஜோடிதானே. அதுங்களுக்கும் இது தலை ஆடிதானே. நீ சரின்னு சொன்னதா சொன்னானே!"

குழுப் பெண்களில் நாலைந்து பேர் 'அதுவும் நியாயம்தானே' என்று தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை! முயலுக்கு வயித்துல ஒரு மாசம்தான்! ஆடியில சேர்த்தா ஆவணியில குட்டி! சித்திரை எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு மாசம்தானா?" அத்தை நிஜமாகவே அதிர்ந்துபோனார். "பத்து மாசம் இல்லையா? ஐயையோ, எனக்கு யாரும் சொல்லலையே!"

யாரும் என்றால் நான்தான்.

"அப்போ இந்த முடி?" என்றார் வீட்டுக்காரர். "அம்மாதான் மனசு மாறி எனக்குத் தெரியாம விட்டுட்டாங்கன்னு நான் நெனச்சேன்."

"நீதான் எனக்குத் தெரியாம விட்டுட்டேன்னு நான் நெனச்சேன்டா" என்றார் அத்தை. "நான் பாவம், தனித்தனியா இருந்தா மனசு வாடுமேன்னு பொண்ணுங்க நாலையும் ஒரே கூண்டுல விட்டேன். நீ பெட்டி அனுப்பினப்புறம்தான் பிரிச்சேன். அவ்வளவுதான்."

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. பெண் முயல்களை ஒன்றாக விட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விளையாடும். அதிலேயே உடம்பு ஏமாந்து, சினை பிடித்துவிட்டது என்று நம்பிவிடும். முடி பிடுங்கும், படுக்கை போடும், எல்லாம் செய்யும். குட்டி மட்டும் வராது. பொய்ச்சினை. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்கும் வந்திருக்கிறது.

மாமா தொண்டையைக் கனைத்தார். "சரி. பேச்சுன்னா பேச்சு. ஞாயித்துக்கெழமை யாவாரியை வரச் சொல்றேன். தூக்கிட்டுப் போகட்டும்."

எத்தனை ஈற்று கழித்துக் கழித்துச் சேர்த்த நாலு உயிர்! யாவாரிக்கு அது வெறும் கிலோக் கணக்கு. எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது வாய் வழியாகத்தான் வரும். வந்தது.

"முயலை மட்டும் பிரிச்சு வெச்சீங்களே அத்தை, உங்க பையனைப் பிரிச்சு வெச்சீங்களா? வாராவாரம் வெள்ளிக்கிழமை லால்குடிக்கு வந்துட்டுத்தானே இருந்தாரு! அந்த வாயில்லா ஜீவன் அஞ்சும் ஆடி பூரா அடங்கிக் கிடந்துச்சு, இந்த வீட்ல அடங்காத ஆளு யாருன்னு கேளுங்க!"

சொல்லி முடித்தபிறகுதான் ஷெட்டில் எத்தனை சேர் போட்டிருந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாழைத் தோட்டத்தைப் பார்க்க நடந்துவிட்டார். தார் வெட்டும் ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் பின்னாலேயே ஓடினார். வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்திருந்தால் உள்ளே போயிருப்பார்.

அத்தைக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அப்போ அந்தப் புளியோதரை?"

"எங்கம்மா கிண்டினது."

"அடப்பாவி! ரெங்கநாதர் பிரசாதம்னு கண்ணுல ஒத்திக்கிட்டேனேடா! சரோஜாவுக்குக்கூடக் குடுத்தேனே!"

"கோயில் புளியோதரை ருசியே தனின்னு நானும் சொன்னேனே" என்றார் சரோஜா அக்கா. அவ்வளவுதான், ஷெட்டே குலுங்கியது. சிரித்துச் சிரித்து ஒரு அக்காவுக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. நான் கூண்டுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குளித்தலை ஸ்கூல் நல்ல இடமாகத் தோன்றியது.

சிரிப்பு அடங்கும்போது சரோஜா அக்காவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி... அத்தையும் அதைப் பார்த்தார். சட்டென்று என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கலா. நீ கடைசியாத் தலைக்கு ஊத்திக்கிட்டது எப்போ?"

நாலு முயலுக்கும் நாள் குறித்து வைத்திருந்தவளுக்குத் தன் நாள் ஞாபகமில்லை. யோசித்தேன். மறுபடி யோசித்தேன். ஷெட்டில் வீசிய முயல் மூத்திர வாடை, இத்தனை வருஷம் என்னை ஒன்றும் செய்யாத அந்த வாடை, அன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மெடிக்கல் ஷாப் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ஆடியில் முயல் நாலும் பொய்ச்சினை, மருமகள் மெய்ச்சினை என்று ராத்திரிக்குள் ஜீயபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாமா சாப்பிட வந்து உட்கார்ந்ததும் அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தார். "வாயும் வயிறுமா இருக்கறவ ஆசையா வளர்க்கறதை யாவாரிகிட்ட குடுக்கக் கூடாது. யாரு பேச்சா இருந்தாலும் சரி." மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் முயல்களைப் பிரித்து வைத்த அதே சட்டப் புத்தகம் இப்போது அவற்றைக் காப்பாற்றியது. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"வேணாம் மாமா" என்றேன். "பாவம் பாத்துக் குடுக்கற ஷெட்டு எனக்கு வேணாம். எட்டுன்னு சொன்னேன். எட்டுப் போட வெக்கறேன். ஒரு மாசம் மட்டும் குடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். "தாரை அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்டு அடுக்கிக்கறேன்" என்றார்.

மறுநாளே சேர்த்தோம். ஷெட் வாசலைத் தாண்டினால் எனக்கு வாந்தி. வீட்டுக்காரரை நான் நம்பத் தயாராக இல்லை. ஆகவே அத்தையே இறங்கினார். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு பெண்ணையும் தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட்டார். நான் தூரத்தில் வேப்பமரத்தடியில் வாளியோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து, "விழுந்துட்டான் கலா! நல்லாவே விழுந்துட்டான்!" என்று குரல் வரும். தெருவில் போகிறவர்கள் யார் விழுந்தது என்று பதறி நிற்பார்கள்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் குட்டி போட்டன. (ஊரே கவிச்சியை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கும் குணசீலத்துக்கும் போகிற மாதம். அத்தை அந்த மாதம் முழுக்க அவற்றைக் கறிமுயல் என்று சொல்லவே விடவில்லை.) முதல் தாய் ஒன்பது. இரண்டாவது பத்து. மூன்றாவது எட்டு. மாமாவே பெட்டிப் பெட்டியாகக் குனிந்து எண்ணினார். நாலாவதில் அவர் விரல் நின்றது. மறுபடி எண்ணினார்.

"ஏழு" என்றார்.

நானும் எண்ணினேன். ஏழுதான். எத்தனை தடவை எண்ணினாலும் முயல்குட்டி கூடாது. ஒவ்வொன்றும் எட்டு என்பதுதானே பேச்சு.

"ஆமாங்க மாமா. ஏழு. இதோட பொண்ணுங்களை நான் வெச்சுக்க மாட்டேன். ஏழும் கறிக்குப் போகும். அந்த மூணு தாயோட பொண்ணுங்களைத்தான் நிறுத்துவேன்."

மாமா குனிந்து, விலகிய முடியை இழுத்து அந்த ஏழையும் மூடினார்.

"வாழைக் கன்னும் அப்படித்தான் எடுக்கறது" என்றார். "தாய் மரம் எத்தனை சீப்பு போட்டுச்சுன்னு பாத்துத்தான். சீப்பு குறைஞ்ச மரத்தோட கன்னு எவ்வளவு தளதளன்னு இருந்தாலும் வெட்டிப் போட்டுடுவேன்." இடுப்பிலிருந்து ஷெட் சாவியை எடுத்துக் கூண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் என்னிடம் அதற்கு முன்னால் நிபந்தனை போடாமல் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதற்குப் பின்னாலும் பேசவில்லை. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நான் வேப்பமரத்தடிக்கு ஓடினேன், வாந்தி எடுக்க.

சித்திரையில், கத்திரிக்கு முன்னால், மகள் பிறந்தாள். தில்லைநகர் ஆஸ்பத்திரிக்கு மாமா காந்தி மார்க்கெட்டில் தார் இறக்கிவிட்டு நேராக வந்தார். தொட்டிலைக் குனிந்து பார்த்தார். தொட்டிலின் அந்தப் பக்கம் போயும் பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்து முகம் மாறாமல், "ஒண்ணுதானா?" என்றார். தையல் போட்ட வயிற்றோடு நான் சிரித்த சிரிப்புக்கு டாக்டர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

ஷெட் இப்போது என்னுடையது. பக்கத்தில் இன்னொன்றும் போட்டாயிற்று. எங்கள் வீட்டுத் தாய் முயல் எட்டுக்குக் குறைத்துப் போட்டால் அத்தையே, "இது தேறாது, அனுப்பு" என்கிறார். சரோஜா அக்கா உட்பட குழுவில் பாதிப் பேர் வளர்க்கிறார்கள். அது வரைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் எங்கள் ஊரில் ஆடி பிறந்துவிட்டால், புதுசாகக் கல்யாணமான பையன் எவன் டீக்கடைக்கு வந்தாலும் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: "என்ன தம்பி, முயலாட்டம் இருப்பியா, பிரபுவாட்டம் இருப்பியா?" ஒன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் போன ஆடியில் அப்பாவோடு பன் வாங்கப் போனவள் இதைக் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, முயல் நல்லா இருந்துச்சாம், நீதான் இருக்கலையாமே? நீ என்னப்பா பண்ணே?" என்று கேட்டாள்.

வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். டேங்க் நிறையத்தான் இருந்தது.